டயர்த் தூள் கல்லைச் சோதித்துப் பார்க்காமலே திருப்பி அனுப்பாதீர்கள்: நெல்லைச் சீமைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லைச் சீமையில் உள்ளாட்சிப் பணிகளுக்கு எஸ்டிமேட் போடுகிற, அதில் கையெழுத்திடுகிற பொறியாளர்களுக்கு,

உங்களில் ஒருவருடைய அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு பதில் வந்திருக்கிறது. ‘அரசு விலைப்பட்டியலில் இடம்பெறாத பொருள் என்பதால் பரிசீலிக்க இயலாது.’ மொத்தக் கடிதமே இவ்வளவுதான். அரசுப் பள்ளி ஒன்றின் வளாகத்தில் போடப்போகும் நடைபாதையில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும், டயர்த் தூள் கலந்த பேவர் பிளாக்கைப் பதித்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தேன். கேட்டதோடு நிற்கவில்லை. மாதிரிக் கற்கள், கலவை விகிதம், ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தின் சோதனை அறிக்கை எல்லாம் சேர்த்தே கொடுத்திருந்தேன். பதிலை வாங்கப் போனபோது, நான் கற்களைக் கட்டிக் கொண்டுவந்த சாக்கு மேஜைக்கு அடியில் கட்டு அவிழாமல் அப்படியே கிடந்தது.

“அண்ணாச்சி, டயரைப் போட்டுக் கல்லு அறுத்திருக்கேன்னு நீங்க சொல்லுதீங்க. நாளைக்கு ஆடிட்ல கேட்டா யாரு பதில் சொல்லுவா?” என்றார் அங்கிருந்த இளம் பொறியாளர். நல்ல பையன்தான். அவருடைய பயம் நியாயமானது. பட்டியலில் இல்லாத ஒன்றை, வேலையை அளந்து பதிகிற எம்-புக்கில் எழுதினால் மாட்டிக்கொள்வது அவர்தானே. அதனால் அவரிடம் வாதாடாமல், அந்தப் பயத்தைப் போக்கக்கூடிய நிலையில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாழையூத்துக்கு அப்பால் ஹாலோ பிளாக், பேவர் பிளாக் போடுகிற யார்டு வைத்திருப்பவன் நான். இந்தக் கல் விலைபோனால் எனக்கு லாபம் உண்டு. ஆகவே என் வாய்ப்பேச்சை நம்பச் சொல்லவில்லை. சோதித்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். கலவை விகிதத்தையும் நான் பூட்டி வைக்கவில்லை, உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. வேறு எந்த யார்டுக்காரர் வேண்டுமானாலும் பார்த்துப் போடட்டும்.

பழைய டயருக்கு நம் ஊரில் என்ன கதி என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. மழைக்காலம் நெருங்கினால் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் பஞ்சர் கடை பஞ்சர் கடையாக ஏறி இறங்குவார்கள். டயருக்குள் கொஞ்சம் தண்ணீர் தேங்கினாலே, டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்குப் போதும். அது உட்சுவரில் ஒட்டிவைக்கிற முட்டை, தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் அபராதம் போடுகிறார்கள், சரி. அபராதத்துக்குப் பயந்த கடைக்காரர் குட்டியானையில் வருகிற ஆளிடம் டயரையெல்லாம் தள்ளிவிடுகிறார். எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டால் ‘வெளியூருக்கு’ என்பான். அந்த வெளியூர் பல நேரம் ஊருக்கு வெளியே இருக்கிற புறம்போக்குதான். ராத்திரியில் கொளுத்துகிறார்கள். ரப்பர் எரிந்துபோனால் உள்ளே இருக்கிற எஃகுக் கம்பி மிஞ்சும், அதை எடைக்குப் போடலாம். அந்தக் கம்பிக்காக ஒரு முழு டயரைக் காற்றில் கரைக்கிறார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பிய மறுநாள் காலை, யார்டில் அடுக்கி வைத்த கற்களின் மேல் கரி படிந்திருக்கும். துடைத்தால் போகாது. எண்ணெய்ப் பசையோடு இழுவும். சித்தாளாக வருகிற அக்காமார் சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் கல்லுக்குத் தண்ணீர் தெளிப்பார்கள்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. 2022 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கழிவு டயருக்கென்றே விதிகளை அறிவித்தது. டயர் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும், தாங்கள் சந்தையில் விட்ட அளவுக்கு ஏற்ப, பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடம் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். மறுசுழற்சி செய்து கிடைக்கும் பொருள்கள் என்று அந்த விதி ஏற்றுக்கொள்பவற்றில் டயர்த் தூளும் ஒன்று. கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர் ஆலையே ஓடுகிற மாவட்டம் நம்முடையது. கிரஷருக்கும் குவாரிக்கும் ஓடுகிற டிப்பர்கள் தேய்த்துத் தள்ளுகிற டயர்களைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டில்லியில் போட்ட விதியில் டயர்த் தூளுக்குப் பெயர் இருக்கிறது. வாங்க வேண்டிய உங்கள் பட்டியலில்தான் இல்லை.

இனி கல்லுக்கு வருகிறேன். டயர் கலந்தால் கான்கிரீட் பலமாகிவிடும் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு யாராவது உங்களிடம் வந்தால் விரட்டிவிடுங்கள், நானும் கூட நிற்கிறேன். ரப்பர் மெத்தென்று அமுங்கும். தண்ணீரை ஒட்டவிடாது. சிமெண்ட் பால் அதைச் சரியாகப் பிடிக்காது. சோதனைக்கென்று வார்த்த கான்கிரீட் கட்டியை, அதாவது கியூப்பை, மெஷினில் வைத்து நசுக்கும்போது, உள்ளே இருக்கிற ஒவ்வொரு ரப்பர்த் துகளும் ஏறக்குறைய ஓர் ஓட்டை மாதிரிதான் நடந்துகொள்ளும். அமெரிக்காவில் எல்டின், செனூசி என்ற இருவர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஜல்லி முழுவதையும் டயர்த் துண்டாக மாற்றினால் நசுக்கு வலிமை 85 சதவீதம் வரை போய்விடுகிறது, மணல் முழுவதையும் டயர்த் தூளாக மாற்றினால் 65 சதவீதம் வரை போகிறது என்று கண்டார்கள். இந்த எண்களைப் பார்த்து யாராவது ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் நான் இந்த மடலையே எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அந்த ஆய்விலேயே இன்னொன்றும் இருக்கிறது. ரப்பர் கலந்த உருளைகள் சாதாரண கான்கிரீட்டைப் போலப் பட்டென்று சிதறவில்லை. நசுங்கி, வளைந்துகொடுத்து, அடியை உள்ளுக்குள் வாங்கிக்கொண்டன.

அதற்குப் பிறகு வந்தவர்கள் இந்த ரெண்டாவது குணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அளவைக் குறைத்தார்கள், ரப்பரைப் பக்குவப்படுத்தினார்கள். 2017இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நெம்குமார் பாந்தியாவின் குழு, டயரின் ரப்பரை விட்டுவிட்டு அதற்குள் இருக்கிற நூலிழையை மட்டும் எடுத்து வெறும் 0.35 சதவீதம் கலந்தது. விரிசல் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. தங்கள் வளாகத்துக் கட்டடம் ஒன்றின் வாசல் படிகளுக்கே அந்தக் கலவையைப் போட்டு, உள்ளே சென்சார் வைத்துக் கவனித்தார்கள். நமக்கு ஒரு பள்ளி நடைபாதைக்கே மனம் வரவில்லை.

மெல்போர்னில் உள்ள ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தார் 2022இல் இன்னும் துணிந்தார்கள். ஜல்லி முழுவதையுமே டயர் ரப்பராக மாற்றினார்கள். அவர்கள் கண்ட வழி, ஈரக் கலவையை அச்சுக்குள்ளேயே வைத்து அழுத்தி இறுகவிடுவது. அழுத்தாமல் விட்ட அதே கலவையைவிட நசுக்கு வலிமை ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. இதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? கலவையை அச்சில் வைத்து அழுத்துவது நம் தொழிலில் புதிதே இல்லை. ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கிற யார்டுகள் தினமும் அதைத்தான் செய்கின்றன.

என்னிடம் பிரஸ் இல்லை, வைப்ரேட்டர் மேஜைதான். அதில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் கெட்டுப்போகிற இடம் அங்கேதான் இருக்கிறது. தூளை ரீட்ரேடிங் பட்டறையில் வாங்குகிறேன். தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை ஒட்டுவதற்கு முன் பழைய மேற்பரப்பைத் தேய்த்து எடுப்பார்களே, அந்தத் தூள். பாதி பொடியாகவும் பாதி சுருள் சுருளாகவும் இருக்கும். சலித்து, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, வழுவழுப்பு போகும்வரை அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். சோடாவில் ஊறிய தூளை உள்ளங்கையில் தேய்த்தால் சொரசொரவென்று இருக்கும். அந்தச் சொரசொரப்பில்தான் சிமெண்ட் பிடிக்கும். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் உரிந்துவிடும், அது வேறு.

ரப்பரின் எடை மணலில் பாதிகூட இல்லை. ஆகவே கலவை கொஞ்சம் தளர்வாக இருந்து மேஜையும் கொஞ்சம் அதிகமாக ஆடினால், கறுப்புத் துகள்களெல்லாம் மிதந்து மேலே வந்துவிடும். நாங்கள் கல்லைக் கவிழ்த்துப் போடுவதால், அச்சில் மேலே இருப்பது பதிக்கும்போது அடிப்பக்கமாகிவிடும். அடிப்பக்கம் இப்படிக் கறுத்த கல்லைத் தட்டினால் அப்பளமாக உதிரும். இதைத் தடுக்கத் தண்ணீரைக் குறைத்து, பிடித்தால் கைக்குள் உருண்டை நிற்கிற பதத்தில் கலக்க வேண்டும். மேஜையை உடனுக்குடன் நிறுத்த வேண்டும். கலர் போடுகிற மேல் அடுக்கில் ரப்பர் சேர்ப்பதே இல்லை. கீழ் அடுக்கில் மட்டும், மணலில் 5 சதவீதம். 10 சதவீதத்தைத் தாண்டினால் வலிமை சடசடவென்று இறங்குகிறது. அதைத் தாண்டி நான் போடவும் இல்லை, போடச் சொல்லவும் இல்லை.

அப்படிப் போட்ட கல், சாதாரணக் கல்லைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கியூப் மெஷினில் நிற்கிறது. ஆனால் வண்டி ஓடாத நடைபாதைக்கு, பேவர் பிளாக்குக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 15658 கேட்பது எம்30 என்ற வலிமைத் தரம். அதைத் தாண்டி நிற்கிறது. அறிக்கையில் இருக்கிறது. இரண்டையும் ஆள் உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டுப் பாருங்கள். சாதாரணக் கல் இரண்டாகப் பிளந்து ஒரு துண்டு தூரப் போய் விழும். இது ஓரம் நசுங்கிக் கீறல் விடும். பனங்கிழங்கை ஒடித்தால் நாரில் தொங்குமே, அப்படி ஒட்டிக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்து நடைபாதையில் கல் எதனால் வீணாகிறது என்று யோசியுங்கள். நசுங்கிச் செத்த கல்லை நான் அங்கே பார்த்ததே இல்லை. தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கையில் ஓரம் தெறிக்கிறது, இரும்பு பெஞ்சைத் தூக்கிப் போடும்போது மூலை போகிறது. இந்த அடிக்குத் தாங்குமா என்பதைச் சொல்ல நீங்கள் ஒரு சோதனையும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் கியூப் ஒன்றுதான்.

மணல் விஷயமும் இதில் இருக்கிறது. தாமிரபரணியில் மணல் அள்ள உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2010இல் தடை போட்டது. அதன்பின் நாம் எம்-சாண்டுக்கு மாறினோம். எம்-சாண்ட் எங்கிருந்து வருகிறது? 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து நான்கு பேர் செத்தார்களே, அதுபோன்ற பள்ளங்களிலிருந்துதான். ஒரு யூனிட்டில் 5 சதவீதம் மிச்சம் பிடித்தால் மலை பிழைத்துவிடும் என்று கதை விட மாட்டேன். அது சொற்பம். ஆனாலும் மணலுக்கு மாற்று தேடுகிற எந்த முயற்சியும் முதலில் சொற்பமாகத்தானே தொடங்கும்.

பட்டியலில் இல்லை என்பது ஒரு பதிலா? கான்கிரீட்டுக்கான மணல், ஜல்லி பற்றிய தரக்குறியீடான ஐ.எஸ். 383இல் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் இரும்புக் கசடு, தாமிரக் கசடு, இடித்த கட்டடக் கழிவு ஆகியவற்றையெல்லாம் இன்ன அளவுவரை சேர்க்கலாம் என்று எழுதினார்கள். அதுவரை அவையும் பட்டியலில் இல்லாதவைதான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைத் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்தார். அதற்கு, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி 2013இல்தான் வந்தது. அந்த வழிகாட்டி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிளாஸ்டிக் தார்ச்சாலை போட்டாயிற்று. போட்டுப் பார்க்க உங்களைப் போன்ற பொறியாளர்கள் சம்மதித்ததால்தான் வழிகாட்டி எழுத ஏதோ ஒன்று கையில் இருந்தது. டயர்த் தூளைத் தாருடன் கலந்து நெடுஞ்சாலை போடுவதற்கு நெடுங்காலமாகவே தரக்குறியீடு இருக்கிறது. அதே தூள் சிமெண்டுக்குள் வந்தால் மட்டும் எதற்கு இந்தத் தீண்டாமை?

எதிர்ப்புச் சொல்லக்கூடிய இடங்களையும் நானே காட்டிவிடுகிறேன். ரப்பர் தீப்பிடிக்கும். அதனால் சமையல் கூடம், கொதிகலன் பக்கம் இந்தக் கல் ஆகாது. டயரில் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பார்கள், அதிலிருந்து துத்தநாகம் தண்ணீரில் கசியலாம். டயர் தேய்ந்த தூளிலிருந்து மழைநீரில் இறங்குகிற ஒரு வேதிப்பொருள், அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்து ஓடைகளில் சால்மன் மீன்களைக் கொன்றதை 2020இல் கண்டுபிடித்தார்கள். சிமெண்டுக்குள் பூட்டிய தூள் அப்படிக் கரையாது என்று நான் நினைக்கலாம். நினைப்பு போதாது, தண்ணீரில் ஊறப்போட்டுச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனை முடியும்வரை குளக்கரை நடைபாதைக்கும் வாய்க்கால் ஓரத்துக்கும் இதை வாங்காதீர்கள். என்னிடமிருந்தும் வாங்காதீர்கள். வீட்டுத் தூண், உத்திரம், தளம் எதிலும் இதைப் போடவே கூடாது. ‘டயர் கான்கிரீட்’ என்று பெயர் பரவிவிட்டால் சிமெண்டை மிச்சம் பிடிக்க நினைக்கிற கொத்தனார் ஒருவர் எங்காவது தளத்தில் கொட்டிவிடுவார் என்ற கவலை எனக்கும் இருக்கிறது. நீங்கள் ஒதுங்கி நின்றால் அதுதான் நடக்கும். எங்கே போடலாம், எங்கே கூடாது என்று அரசாங்கம் எழுதி வைக்காத பொருள் கள்ளத்தனமாகத்தான் உள்ளே வரும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

என் விண்ணப்பத்தின் மீது வந்த ஒற்றை வரிப் பதிலைத் திரும்பப் பெறுங்கள். மாதிரிக் கற்களைச் சோதித்துப் பாருங்கள். வேண்டாம் என்றால், எந்தச் சோதனையில், எந்த அளவில் தவறியது என்று எழுத்தில் சொல்லுங்கள். அதை ஏற்றுக்கொள்வேன்.

ஏதாவது ஒரு பள்ளியிலோ பூங்காவிலோ, குளத்துக்குத் தள்ளி, 50 மீட்டர் நடைபாதையைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். பாதி சாதாரணக் கல், பாதி டயர்த் தூள் கல், ஒரே அடித்தளம், ஒரே ஆட்கள். கல் என்னுடையதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. என்னுடைய கல்லையே எடுத்தால் அந்த 25 மீட்டருக்கு விலை வாங்க மாட்டேன். இரண்டு வடகிழக்குப் பருவமழை கழிந்ததும் உடைந்த கற்களை எண்ணி வெளியிடுங்கள்.

சோதனையைத் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிடம் கேட்டுப் பாருங்கள். கியூப்போடு நிறுத்தாமல், அடி தாங்குவது, தேய்மானம், வளைவு வலிமை, தண்ணீர் உறிஞ்சுவது, துத்தநாகக் கசிவு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆய்வகத்துக்குப் போகிற கற்களைப் பொறுக்கி எடுக்கிறவர் நானாகவோ வேறு யார்டுக்காரராகவோ இருக்கக் கூடாது. நீங்களே வந்து, அடுக்கின் நடுவிலிருந்து உருவி எடுங்கள்.

முடிவு சாதகமாக வந்தால், வண்டி ஓடாத நடைபாதைக்கு மட்டும் என்று வரம்பு கட்டி, இதற்கு ஒரு டேட்டா, அதாவது விலை நிர்ணயக் கணக்கு, தயாரித்து விலைப்பட்டியல் குழுவுக்கு அனுப்புங்கள். தூண், உத்திரம், தளம், குளக்கரை ஆகியவற்றுக்குத் தடை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பாதகமாக வந்தால் அதையும் அனுப்புங்கள், அடுத்த மாவட்டத்துக்காரர் மறுபடி முதலிலிருந்து தொடங்காமல் இருப்பார்.

கடைசியாக, கல் எக்கேடு கெட்டாலும் இதைச் செய்யுங்கள். டெங்கு ஒழிப்புக்காக ஒவ்வொரு வார்டிலும் எடுக்கிற டயரை எடை போட்டு, ரசீதோடு, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டும் ஒப்படையுங்கள். எத்தனை டன் எடுத்தீர்கள், யாரிடம் போனது என்று மாதாமாதம் உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். சாக்கை இன்னும் நான் எடுத்துப்போகவில்லை. கற்கள் உங்கள் மேஜைக்கு அடியில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
தாழையூத்துப் பக்கத்து பேவர் பிளாக் யார்டுக்காரன்